கூப்பிட்ட குரலுக்குப் பதில்



"மலருக்கு ஒரு கட்டுரை கொடு" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு வயரும் கனெக்டரும்தான் தெரியும், கட்டுரையெல்லாம் வராது" என்று நழுவப் பார்த்தேன். "அப்போ வயரைப் பற்றியே எழுது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். வயரில் எதை எழுதுவது என்பதை ஒரு மாணவர் எனக்காக முடிவு செய்து வைத்திருந்தார்.

சென்ற ஆண்டு நம் மாணவர்கள் காவலூர் வானாய்வகத்துக்குக் கல்விச் சுற்றுலா போனபோது, கூடப் போன பழைய மாணவர்களில் நானும் ஒருவன். திரும்பும் வழியில் ஜமுனாமரத்தூர், போளூர் வழியாக எங்கள் ஊரான படவேட்டுக்கு அழைத்துப் போனேன். (விடுதியில் என் பெயரே 'படவேடு'தான் என்பது என் செட்டுக்குத் தெரியும்!) ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு, ஒரு வாழைத் தோப்பு ஓரமாக உட்கார்ந்து பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்தோம். அப்போது ஜவ்வாது மலைக்கு மேலே, ரொம்ப உயரத்தில் ஒரு விமானம் போயிற்று. ஒரு மாணவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "சார், புள்ளி மாதிரிப் போகுது. அது யாரு, எந்த உயரத்துல போகுதுன்னு கீழ இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியுது? தெரியாமப் போனா என்ன ஆகும்?"

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்குச் சாப்பாட்டு நேரம் போதவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வியில் எனக்குச் சொந்தமாக ஒரு பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

படைவீட்டு வாசலில்

படவேடு என்பது படைவீடு. படை தங்கிய வீடு. 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக இருந்த ஊர். எங்கள் ஊருக்கு மேலே நிற்கும் ராஜகம்பீரன் மலையில் அவர்களுடைய கோட்டை இருந்தது. விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணன் தெற்கே மதுரை நோக்கிப் போகும் முன் சம்புவராயரை வென்ற கதையை, அவன் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்ற வடமொழிக் காவியத்தில் பாடியிருக்கிறாள்.

படை தங்கும் இடம் எதுவானாலும் அங்கே ஒரு காவல்காரனுக்கு ஒரு பிரச்சினை உண்டு. இருட்டில் ஓர் உருவம் வருகிறது. நம்மவனா, மாற்றானா? உருவத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது தெரியாது. கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வந்தவன் அன்றைய அடையாளச் சொல்லைச் சொன்னால் உள்ளே விடலாம். சொல்லாவிட்டால் அவன் பகைவனாக இருக்கலாம், அடையாளச் சொல்லை மறந்த நம்மவனாகவும் இருக்கலாம், காது கேளாதவனாகவும் இருக்கலாம். மௌனத்துக்கு ஒரு பொருள் மட்டும் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

கிளி பேசிய கதை

1935-இல் இங்கிலாந்தில் ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும் வானொலி அலைகளை அனுப்பி, விமானத்தின் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடித்துக் காட்டினார்கள். ரேடார் பிறந்தது. ஆனால் எதிரொலிக்கு முகம் கிடையாது. திரையில் ஒரு மேடு தெரியும், அவ்வளவுதான்.

அதன் விலை சீக்கிரமே தெரிந்தது. போர் தொடங்கி மூன்றே நாளில், 1939 செப்டம்பர் 6-ஆம் தேதி, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பிரிட்டனின் ஹரிக்கேன் விமானங்களையே ஜெர்மானியர் என்று எண்ணிச் சுட்டன. இரண்டு ஹரிக்கேன்கள் விழுந்தன. ஓர் இளம் விமானி இறந்தார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவர்தான். சுட்டது சொந்தப் படை!

இதற்கு மருந்தாகத்தான் ஐ.எஃப்.எஃப். என்ற 'நண்பனா, பகைவனா' கருவி விமானங்களில் ஏறியது. முதல் மாடல் செய்தது எளிய வேலை. ரேடார் துடிப்பு வந்து பட்டதும் அதைப் பெருக்கித் திருப்பி அனுப்பும். கீழே திரையில் அந்த விமானத்தின் மேடு மட்டும் பெரிதாகத் தெரியும். ஆனால் அதன் பெருக்கத்தை விமானத்தில் இருப்பவர்களே திருகித் திருகிச் சரி செய்ய வேண்டும். குறைத்துத் திருகினால் பதிலே போகாது. கூட்டித் திருகினால் யாரும் கேட்காமலே தானாகக் கத்தும். இன்று நாங்கள் 'விட்டு விட்டு வரும் பழுது' என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அது இந்தக் கருவியின் பிறவி நோய்!

மூன்றாவது மாடலில்தான் இதற்கென்று தனி அலைவரிசை ஒதுக்கினார்கள். அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு ஃபிரெடி வில்லியம்ஸ் என்ற பொறியாளருக்கு. பிறகு மான்செஸ்டரில் ஆரம்ப காலக் கம்ப்யூட்டரின் நினைவகத்தை வடிவமைத்தவரும் அவரே. கம்ப்யூட்டர் துறைத் தம்பிகள் கவனிக்க!

ஐ.எஃப்.எஃப். கருவிக்குப் பிரிட்டிஷ் விமானப்படை வைத்த ரகசியப் பெயர் 'கிளி'. அதனால்தான் இன்றைக்கும் விமானியிடம் எண்ணைப் போடச் சொல்லும்போது 'ஸ்க்வாக்' என்கிறார்கள். கிளி கீச்சிடுவதற்கான ஆங்கிலச் சொல் அது.

இதெல்லாம் எங்கோ சீமையில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் மெட்ராஸ் பட்டணமே காலியானது. என் தாத்தாவுக்கு அப்போது எட்டு வயது. பட்டணத்துச் சொந்தக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு படவேட்டுக்கு வந்து இறங்கியதையும், வானத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் எல்லாரும் தோப்புக்குள் ஓடியதையும் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "மேல போறது யாரோடதுன்னு எவனுக்குத் தெரியும்? சத்தம் கேட்டா ஓடு. அவ்வளவுதான்" என்பார்.

எண்ணும் உயரமும்

போர் முடிந்தபின் இந்தக் கருவி சாதாரணப் போக்குவரத்துக்கு வந்தது. இன்றும் அதே முறைதான். தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும். விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். கேள்வியில் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 8 மைக்ரோ செகண்ட் இடைவெளி இருந்தால் 'நீ யார்?' என்று பொருள். அது மோட் ஏ. 21 மைக்ரோ செகண்ட் இருந்தால் 'எவ்வளவு உயரம்?' என்று பொருள். அது மோட் சி.

'நீ யார்' என்பதற்குப் பதில் நான்கு இலக்க எண். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரைதான், ஆக மொத்தம் 4096 எண்கள். அதில் 7500 என்றால் கடத்தல், 7600 என்றால் ரேடியோ பழுது, 7700 என்றால் ஆபத்து. உயரத்துக்கான பதில் 100 அடி படிகளில் போகும்.

இதில் ஒரு கணக்கு அழகானது. சாதாரண ரேடாரில் அலை போயும் வர வேண்டும், வந்தும் சேர வேண்டும். தூரம் இரட்டிப்பானால் எதிரொலி 16-இல் ஒரு பங்காகிவிடும். டிரான்ஸ்பாண்டர் தன் சொந்தச் சக்தியில் பதில் சொல்வதால், தூரம் இரட்டிப்பானால் பதில் 4-இல் ஒரு பங்காகத்தான் குறையும். அதனால்தான் சின்னஞ்சிறு விமானத்தின் பெட்டியும் வெகு தூரத்துக்குப் பேசுகிறது.

எல்லாம் சரி. பேசாமல் போனால்? மாணவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

மூன்று நாட்கள்

1986 ஆகஸ்ட் 31. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிட்டோஸ். பைப்பர் என்ற சிறிய விமானம் ஒன்று அனுமதியில்லாமல் பெரிய விமானங்கள் இறங்கும் வான்பகுதிக்குள் நுழைந்துவிட்டது. அதில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் உயரம் சொல்லும் வசதி இல்லை. இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்சிகோ டி.சி.-9 விமானத்தோடு மோதியது. விமானங்களில் இருந்த 67 பேரும், கீழே வீடுகளில் இருந்த 15 பேருமாக 82 உயிர்கள் போயின. இதன் பிறகுதான் அங்கே பெரிய விமான நிலையங்களைச் சுற்றி மோட் சி-யும், பயணிகள் விமானங்களில் டீகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவியும் கட்டாயமாயின.

1996 நவம்பர் 12. நம் நாட்டில், ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747-க்கு 14,000 அடி. டில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின் 76-க்கு 15,000 அடி. நடுவே 1,000 அடி. கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். நடுவானில் இரு விமானங்கள் மோதிய விபத்துகளில் இத்தனை உயிர் வேறெதிலும் போனதில்லை. அன்று டில்லியில் பயன்பாட்டில் இருந்தது எதிரொலியை மட்டும் பார்க்கும் முதன்மை ரேடார். கட்டுப்பாட்டு அதிகாரியின் திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்குவது தெரியும், எது எந்த உயரம் என்பது தெரியாது. விமானி வாயால் சொன்னால் உண்டு. அதாவது, பதில் சொல்ல விமானம் இருந்தும், 'எவ்வளவு உயரம்?' என்று கேட்க ரேடார் இல்லை! நீதிபதி லகோட்டி ஆணையம் விசாரித்தது. அதன் பிறகு இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு டீகாஸ் கட்டாயமானது.

2006 செப்டம்பர் 29. பிரேசில், அமேசான் காட்டுக்கு மேலே. புத்தம் புதிய லெகசி ஜெட் ஒன்றின் டிரான்ஸ்பாண்டர் ஏறக்குறைய ஒரு மணி நேரமாகப் பதில் சொல்லவில்லை. தற்செயலாக 'ஸ்டேண்ட்-பை' நிலைக்குப் போயிருக்கலாம் என்பது பிரேசில் விசாரணையின் முடிவு. எதிரே கோல் நிறுவனத்தின் போயிங் 737, அதே 37,000 அடியில். டீகாஸ் என்பது மற்ற விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைக் கேட்டுத்தான் வேலை செய்யும். பதில் இல்லையென்றால் அதைப் பொறுத்தவரை எதிரே யாருமே இல்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தார்கள். சிறிய ஜெட் தட்டுத் தடுமாறித் தரையிறங்கியது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். செரிட்டோஸில் பாதிப் பதில். சர்க்கி தாத்ரியில் கேள்வியே இல்லை. அமேசானில் கேள்வி இருந்தது, பதில் நின்றது. நின்றதை யாரும் உரிய நேரத்தில் பொருட்படுத்தவில்லை.

என் கையெழுத்து

இனி என் பங்கு. இடமும் பெயரும் வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு விமானப் பயிற்சி நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே இரண்டு பேர் உட்காரும் ஒரு சிறிய விமானம். அதன் டிரான்ஸ்பாண்டர் சில சமயம் ரேடாருக்குத் தெரியும், சில சமயம் தெரியாது. விமானி வந்து புகார் எழுதுவார். நாங்கள் பெட்டியைக் கழட்டி பெஞ்சில் வைத்துச் சோதிப்போம். சக்தி சரி, அலைவரிசை சரி, உணர்திறன் சரி. 'பழுது ஏதும் காணப்படவில்லை' என்று எழுதி மாட்டிவிடுவோம். நாலைந்து தடவை நன்றாகப் பறக்கும். பிறகு பழைய குருடி கதைதான்.

வழக்கமான சந்தேகங்களை எல்லாம் பார்த்தோம். விமானத்தின் வயிற்றில் இருக்கும் ஆன்டெனாவில் எஞ்சின் எண்ணெய் படிந்திருக்கிறதா? துடைத்தோம். அதன் அடியில் தகடு துருப்பிடித்து எர்த் விட்டுப் போயிருக்கிறதா? சுரண்டிச் சுத்தம் செய்தோம். விமானம் சாய்ந்து திரும்பும்போது உடம்பே ஆன்டெனாவை மறைக்கும், அது பழுதல்ல. அதையும் கழித்துப் பார்த்தோம். உயரம் சொல்லும் என்கோடரிலிருந்து வரும் கம்பிகளில் ஒன்று விட்டுப் போனால் சில உயரங்களில் சரியாகவும் சில உயரங்களில் அபத்தமாகவும் காட்டும். இங்கே அப்படி இல்லை, மொத்தமாக மறைந்து மொத்தமாக வந்தது. கடைசியில் பெட்டியையே மாற்றினோம். நாலு தடவை நன்றாகப் பறந்தது. ஐந்தாம் தடவை மறுபடியும்!

இரண்டாவது முறை 'சோதித்தேன், திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அந்தக் கையெழுத்தை நம்பி ஒரு மாணவி தனியாக நெடுந்தூரப் பயிற்சிக்குப் போனாள். வழியில் ரேடார் திரையிலிருந்து அவள் சில நிமிஷம் மறைந்தாள். அந்தப் பக்கமாக ஒரு பயணிகள் விமானம் இறங்க வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டு அதிகாரி விவரம் தெரிந்தவர். பயணிகள் விமானத்தை மேலேயே நிறுத்தி வைத்து, அவளிடம் ரேடியோவில் இடமும் உயரமும் கேட்டு உறுதி செய்தபிறகே இறங்க விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்த அந்தப் பெண் என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. "சார், லைட் சிமிட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் நல்லா இருக்குன்னுதான் நெனச்சேன்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் பிரிவில் இருந்த பெரியவர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஒரு பழைய நோட்டை என் கையில் கொடுத்தார். "தம்பி, என்ன பழுதுன்னு தேடாதீங்க. எப்போ வருது, எப்போ வரலைன்னு மட்டும் எழுதுங்க" என்றார். பழைய புகார்களை எல்லாம் எடுத்துத் தேதி, அன்றைய எத்தனையாவது பறப்பு, கிளம்பி எத்தனை நிமிஷம், வெயில், கடைசியாகப் பெட்டியைக் கழட்டிய நாள் என்று கட்டம் போட்டு எழுதினேன். முழுப் பக்கம் நிரம்பியதும் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. காலை முதல் பறப்பில் பழுது வந்ததே இல்லை. அதைவிட முக்கியம், நாங்கள் எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், பெட்டியைக் கழட்டி மாட்டியபின் நாலைந்து பறப்புகள் நன்றாக இருந்தன.

பெரியவர் சிரித்தார். "பெட்டியைக் கழட்டுறப்பவே வியாதியும் கழண்டுடுது தம்பி. நீங்க பெஞ்சுல வெச்சுப் பார்க்கறது குணமான பெட்டியை."

இம்முறை பெட்டியைத் தொடவில்லை. விமானத்தைப் பிற்பகல் வெயிலில் நிறுத்தி, சோதனைக் கருவியை வெளியே வைத்து, உள்ளே பவர் கொடுத்தோம். பதில் ஒழுங்காக வந்தது. பெரியவர் பேனலுக்குப் பின்னால் கையை விட்டு வயர்க் கட்டை ஒரு விரல்கடை நகர்த்தினார். பதில் நின்றது. விட்டார், வந்தது. பேனலில் சின்ன விளக்கு மட்டும் எப்போதும் போலச் சிமிட்டிக்கொண்டிருந்தது! அந்த விளக்கு பெட்டி பதில் சொல்ல முயன்றதைத்தான் காட்டும். பதில் ஆன்டெனாவைத் தாண்டி வெளியே போனதா என்பது அதற்குத் தெரியாது.

காரணம் அற்பமானது. எப்போதோ ஆன்டெனா கேபிளைச் சற்றே குட்டையாக வெட்டி, இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கனெக்டரைப் பக்கவாட்டில் இழுத்தபடியே இருந்தது. சூடும் அதிர்வும் சேரும்போது நடு ஊசி தொடர்பு விடும். நாங்கள் ஒவ்வொரு முறை பெட்டியைக் கழட்டி மாட்டியபோதும் ஊசி தேய்ந்து பளபளப்பாகிச் சில நாள் நன்றாகத் தொட்டுக்கொண்டது. புது கேபிள், புது கனெக்டர், தளர்வான கட்டு. பிறகு ஒவ்வொரு பறப்பிலும் ரேடாரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தோம். பழுது திரும்பவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

இன்று காலம் மாறிவிட்டது. மோட் எஸ் வந்தபின் ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் கொண்ட தனி முகவரி. ஏ.டி.எஸ்.-பி. முறையில் யாரும் கேட்காமலே விமானம் தன் இடத்தைத் தானே சொல்லிக்கொண்டு போகிறது. அதைப் பிடித்துத்தான் உங்கள் கைப்பேசியில் விமானங்கள் நகர்வதைப் பார்க்கிறீர்கள். ஆனால் 2014 மார்ச் 8-ஆம் தேதி 239 பேரோடு போன மலேசிய எம்.எச்.370 விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் அடையாளம் திரையிலிருந்து மறைந்ததும் உலகமே தேட வேண்டியிருந்தது. எத்தனை புது முறை வந்தாலும், விமானம் பேசினால்தான் நமக்குத் தெரியும் என்பது மாறவில்லை.

எனவே நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும், 'பழுது ஏதும் காணப்படவில்லை' என்று எழுதும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த வாசகத்துக்குப் பழுது இல்லை என்று பொருள் இல்லை. நான் பார்த்த நேரத்தில், நான் பார்த்த விதத்தில் அது கண்ணில் படவில்லை என்றுதான் பொருள். வந்து போகும் பழுதுக்கு முதல் மருந்து ஒரு நோட்டும் பேனாவும். இரண்டாவது, உங்களைவிட வயதான ஒரு தொழிலாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது. இந்தக் கல்லூரியில் நாலு வருஷம் படித்தும் இந்த இரண்டையும் நான் வெளியே போய்த்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் இங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பயிற்சி மாணவி இன்று பயணிகள் விமானத்தில் துணை விமானியாக இருக்கிறார். அடுத்த முறை படவேட்டு மலைக்கு மேலே ஒரு புள்ளி போனால், அது அவராகவும் இருக்கலாம். கீழே யாரோ கேட்கிறார்கள், மேலே அவருடைய பெட்டி பதில் சொல்கிறது என்று நம்பி, சாப்பாட்டுப் பொட்டலத்தை நிம்மதியாகப் பிரியுங்கள்.